வாரோசு என்னும் கருப்பூரத் துறை
சுமத்திராவின் லோபு துவா – ஊரும் வரலாறும்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், கீழ்க்காற்றின் துணைகொண்டு மரக்கலங்கள் ஏற்றிவந்த பொருள்களின் நிரல் ஒன்று வருகிறது. அகில், துகில், ஆரம் முதலியவற்றோடு கருப்பூரமும் அதில் இடம் பெறுகிறது. இப்பகுதிக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், கருப்பூர வகைகள் பலவற்றின் பெயர்களை அடுக்கித் தருகிறார். அவற்றுள் ஒன்று ‘வாரோசு’ என்பது. வகுப்பில் இவ்வுரையைப் பயிற்றும் ஆசிரியர், “இஃது ஒருவகைக் கருப்பூரம்” என்று கூறி மேற்செல்வது வழக்கம். வாரோசு என்பது ஓர் ஊரின் பெயர் என்பதும், அவ்வூர் மேற்கே, மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில் இன்றும் உள்ளது என்பதும் பலர் அறியாதவை.

இன்று பாருஸ் என்று வழங்கும் சிறுநகரமே பழைய வாரோசு. அதனை அடுத்துள்ள லோபு துவா என்னும் சிற்றூரில்தான் பழைய துறைமுகப் பட்டினம் இருந்தது. கடாரத்தின் பெயரை அறியாத தமிழ் மாணவர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இரார். லோபு துவாவின் பெயரைக் கேட்டவரோ மிகச் சிலர். கடாரத்தைத் தமிழ் வேந்தன் ஒருவன் படைகொண்டு வென்றான்; லோபு துவாவிலோ தமிழ் வணிகர் கூடியிருந்து தமக்கொரு நெறி வகுத்துக் கல்லில் எழுதி வைத்தனர். இரண்டும் தமிழர் கடல் கடந்த வரலாற்றின் பகுதிகளே. எனினும் முன்னதைப் பற்றி நாம் பேசிய அளவிற்குப் பின்னதைப் பற்றிப் பேசியதில்லை.

ஊரின் இருப்பிடம்

சுமத்திராவின் மேற்கு ஓரமாக வடக்கிலிருந்து தெற்குவரை ஏறக்குறைய 1,700 கிலோ மீட்டர் தூரம் நீண்டு கிடப்பது புக்கிட் பாரிசான் மலைத்தொடர். ‘வரிசை மலைகள்’ என்பது அப்பெயரின் பொருள். இம்மலைத்தொடருக்கும் இந்து மாகடலுக்கும் இடையே கிடைக்கும் சமநிலம் பல இடங்களில் ஒடுங்கிய பட்டையாகவே அமைந்துள்ளது. அத்தகைய கரைநிலம் ஒன்றில், சிபோல்கா நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 70 கிலோ மீட்டர் தொலைவில் பாருஸ் உள்ளது. அங்கிருந்து மேலும் ஏறத்தாழ 5 கிலோ மீட்டர் வடமேற்கே சென்றால் லோபு துவா வரும். வட சுமத்திரா மாநிலத்தின் நடுத் தப்பனூலி மாவட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர்.

கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் மலைகள் அடுக்கடுக்காக எழுவதைக் காணலாம். பாருசிலிருந்து பாக்காட் வழியாக மலையேறும் பாதை டோலோக் சங்குல் மேட்டுநிலத்தை அடைகிறது. அதற்கும் அப்பால் தோபா ஏரி இருக்கிறது. மேட்டுநிலத்துப் பாத்தாக் மக்கள் காட்டுப் பொருள்களைத் தலையிலும் தோளிலும் சுமந்து கடற்கரைக்கு இறங்கியதும், உப்பும் துணியும் கொண்டு மீண்டும் மேலேறியதும் இத்தகைய மலைவழிகளில்தான். இவ்வாறு மலைக்கும் கடலுக்கும் இடையே வாயிலாக அமைந்த காரணத்தால் இவ்விடத்தில் ஒரு பட்டினம் தோன்றிற்று.

பெயரின் பொருள்

பாத்தாக் மொழியில் ‘லோபு’ என்பது மக்கள் விட்டு நீங்கிய பழைய குடியிருப்பைக் குறிக்கும். ‘துவா’ என்பதற்குப் பழைமை என்பது பொருள். ஆகவே, லோபு துவா என்றால் ‘பழைய பாழூர்’ என்று கொள்ளலாம். முன்னொரு காலத்தில் இங்கே பேரூர் ஒன்று இருந்து அழிந்தது என்னும் செய்தியை அப்பெயரே காத்து வந்திருக்கிறது.

பாருஸ் என்னும் பெயர் தமிழில் வாரோசு ஆனதும் இயல்பே. மலாய் மொழியின் முதலெழுத்தாகிய மெல்லோசைப் பகரம் தமிழில் மொழிமுதலில் இல்லை. பிறமொழிகளில் அவ்வோசையோடு தொடங்கும் சொற்கள் தமிழில் வகரம் பெறுவதை வங்காளம் முதலிய பெயர்களில் காண்கிறோம்.

மலை தந்த செல்வம்

இவ்வூரின் புகழுக்குக் காரணமாயிருந்தது கருப்பூரம். இது நாம் இன்று கோயில்களில் ஏற்றும் சூடத்தினின்றும் வேறானது. சூடம் என்பது சீனா, ஜப்பான் முதலிய நாடுகளில் வளரும் வேறொரு மரத்தின் கட்டையிலிருந்து வடித்து எடுக்கப்படுவது. இக்காலத்தில் பெரும்பாலும் தொழிற்சாலைகளில் செய்யப்படுவது. சுமத்திரா, போர்னியோ, மலாய்த் தீபகற்பம் ஆகிய இடங்களின் காடுகளில் 60 மீட்டர் வரை ஓங்கி வளரும் கபூர் மரத்தின் உட்பிளவுகளில் தானாகவே படிகமாக உறைந்து கிடப்பது பாருஸ் கருப்பூரம். பச்சைக் கருப்பூரம் என்று நம்மவர் சொல்வது முதன்முதல் இதனையே குறித்தது. வேதியியல் நோக்கிலும் இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்களாம்.

இதனை எடுப்பது எளிய செயலன்று. மரத்தை வெளியிலிருந்து பார்த்து, உள்ளே படிகம் உண்டா இல்லையா என்று உறுதியாகக் கூறுதல் இயலாது. பன்னெடுங்காலம் வளர்ந்த மரத்தை வீழ்த்தி, துண்டு துண்டாகப் பிளந்து பார்க்க வேண்டும். பல மரங்களில் யாதொன்றும் கிட்டாது. கிடைக்கும் மரத்திலும் அளவு சிறிதே. இதனால்தான் அதன் விலை மிக உயர்ந்திருந்தது. கி. பி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்திராவில் தங்கிச் சென்ற மார்க்கோ போலோ, பன்சூர்க் கருப்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என்று எழுதினார். பன்சூர் என்பது பாருசை அடுத்த இடத்தின் பெயர். அராபியர் இதனையே ‘ஃபன்சூர்’ என்று 9-ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு குறித்து வந்தனர். மலாய் இலக்கியத்தின் முன்னோடிப் புலவரும் ஞானியுமாகிய ஹம்சா ஃபன்சூரியின் பெயரிலும் இவ்வூரே ஒலிக்கிறது.

இத்தகைய அரிய பொருளைத் தேடிக் காட்டிற்குள் செல்வோர் சில நோன்புகளைக் கடைப்பிடித்தனர். ஜொகூர்க் காடுகளில் கருப்பூரம் தேடிய பழங்குடி மக்கள், தேடுதல் முடியும்வரை அன்றாடச் சொற்களை விலக்கித் தனிமொழி ஒன்றைப் பேசினர் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிவு செய்யப்பட்டுள்ளது. கருப்பூரத்தின் பெயரைச் சொன்னால் அது மறைந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை.

கபூர் மரத்தை நேரிற் காண விரும்புவோர் சுமத்திராவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. கோலாலம்பூரை அடுத்த கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில் இம்மரங்கள் வளர்க்கப்பட்டு ஓங்கி நிற்கின்றன. ஒன்றன் முடி மற்றொன்றின் முடியைத் தொடாது இடைவெளி விட்டு வளரும் அவற்றின் தோற்றம் காண்பார் கருத்தைக் கவர்வதாகும்.

மற்றொரு பொருள் சாம்பிராணி. தோபா ஏரியைச் சூழ்ந்த மேட்டுநிலத்தில் வளரும் மரங்களின் பட்டையைக் கீறி விட்டால், வடியும் பால் சில திங்களில் இறுகிப் பிசினாகும். அதனைச் சுரண்டி எடுத்து விற்பர். கருப்பூரம் எடுக்க மரத்தை வீழ்த்த வேண்டும்; சாம்பிராணி எடுக்க மரம் உயிரோடிருக்க வேண்டும். கருப்பூர வாணிகம் ஒடுங்கிய பின்னரும், மலைப்பகுதியில் சாம்பிராணித் தொழில் இன்றளவும் நிலைத்திருப்பதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் எனலாம்.

கல் கூறும் செய்தி

1873-ஆம் ஆண்டில், பாருசில் பணியாற்றிய டொய்ட்ஸ் என்னும் டச்சு அதிகாரி, லோபு துவாவில் எழுத்துப் பொறித்த கற்றூண் ஒன்று இருப்பதை அறிவித்தார். எழுத்துத் தமிழ் என்பதும், மொழியும் தமிழே என்பதும் பின்னர்த் தெரியவந்தன. சென்னையில் கல்வெட்டுத் துறைத் தலைவராயிருந்த ஹூல்ட்ஷ் 1892-இல் அதன் சுருக்கத்தை வெளியிட்டார். 1932-இல் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், பத்தாவியாவிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி இதழில் இக்கல்வெட்டைப் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதினார். 1998-இல் எ. சுப்பராயலு அவர்கள் திருத்திய பாடத்தையும் பொருளையும் வெளியிட்டார். உடைந்துபோன அக்கல்லின் பகுதிகள் இப்பொழுது ஜக்கார்த்தாவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

கல்வெட்டின் காலம் சக ஆண்டு 1010, மாசித் திங்கள். இது கி. பி. 1088 என்று கணிக்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் சோழ நாட்டை ஆண்டவன் முதற் குலோத்துங்கன். ஆயினும் கல்வெட்டு அவன் ஆட்சியாண்டைக் கூறாது, சக ஆண்டையே கூறுகிறது. சோழ நாட்டுக் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் காணும் மெய்க்கீர்த்தியும் இதில் இல்லை.

கல்லை நாட்டியவர்கள் ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ எனப்பட்ட வணிகக் குழுவினர். கருநாடகத்து ஐகொளையைத் தம் மூல இடமாகக் கொண்டாடிய இக்குழுவின் கல்வெட்டுகள் தமிழ், கன்னடம், தெலுங்கு வழங்கும் நாடுகளிலும் இலங்கையிலும் கிடைத்துள்ளன. பல நாட்டு வணிகரும் பல சாதியினரும் இதில் அடங்குவர். வாரோசாகிய ‘மாதங்கரிவல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம்’ என்னும் ஊரில், துறையை அடுத்த வேளாபுரத்தில் இவர்கள் கூடினர் என்று கல்வெட்டுக் கூறுகிறது. ஊருக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று இட்டு வழங்கும் அளவிற்கு அவர்கள் அங்கே நிலைபெற்றிருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

கூடி எடுத்த முடிவு யாது? நகர சேனாபதி நாட்டுச் செட்டியார் முதலிய சிலர் பொருட்டுத் துறைக்கு வரும் மரக்கல நாயனும் உடன் வருவோரும் ஒரு கட்டணத்தைச் செலுத்த வேண்டும். அதனைக் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாகச் செலுத்த வேண்டும். செலுத்திய பின்னரே பாவாடையின்மேல் அடியிட்டு ஊருக்குள் வரலாம் என்பது அதன் சாரம். மரக்கல நாயன் என்பவன் கப்பலின் தலைவன். பாவாடை என்னும் சொல்லுக்கு இக்காலத்தில் பெண்கள் உடுத்தும் ஆடை என்றே பொருள் கொள்கிறோம். பெரியோர் நடந்துவர நிலத்தில் விரிக்கும் துணி என்பது அதன் பழம்பொருள். துறையில் இறங்குவோரைத் துணி விரித்து வரவேற்கும் வழக்கம் லோபு துவாவில் இருந்ததென்று இதனால் அறிகிறோம்.

கட்டணம் விதித்து முடிந்த பின், கல்வெட்டின் இறுதியில் ஓர் அறிவுரை காணப்படுகிறது. பண்பை மறவாதிருக்க வேண்டும், பண்பே உற்ற துணை என்பது அதன் கருத்து. வரி விதிக்கும் சாசனத்தை வணிகர் இவ்வாறு முடித்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அயல்நாட்டுத் துறையில், தம் அரசனின் காவல் அண்மையில் இல்லாத இடத்தில், வணிகனுக்கு வணிகன் வைத்த நம்பிக்கையே வாணிகத்தின் முதலாக இருந்தது.

வெற்றியும் வாணிகமும்

“சோழர் பாருசை வென்று ஆண்டனர்” என்று மேடைகளில் கூறக் கேட்கிறோம். இதற்குச் சான்று இல்லை. முதல் இராசேந்திரன் கி. பி. 1025-ஐ ஒட்டி நடத்திய கடற்படையெடுப்பில் வென்ற இடங்களை அவன் மெய்க்கீர்த்தி ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுகிறது. சீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், கடாரம் முதலியன அதில் உள்ளன. வாரோசு இல்லை. அப்படையெடுப்பிற்கு 60 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின் எழுந்தது லோபு துவாக் கல்வெட்டு. அதில் பேசுவோர் வணிகர். முடிவு செய்தோரும் வணிகரே. படையெடுப்பு கடல்வழி வாணிகத்திற்குத் துணையாயிருந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆயினும் இவ்வூரைத் தமிழரோடு பிணைத்தது கருப்பூரமே.

மண்ணுக்குள் கண்டவை

1995 முதல் 2000 வரை பிரெஞ்சு நாட்டுக் கீழ்த்திசை ஆராய்ச்சிப் பள்ளியும் இந்தோனேசியத் தேசியத் தொல்பொருள் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து லோபு துவாவில் அகழ்வாராய்ச்சி நடத்தின. குளோட் கியோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்குத் தலைமை வகித்தார். சீனப் பீங்கான் துண்டுகள், மேற்காசியக் கண்ணாடிக் கலங்களின் சில்லுகள், மெருகிட்ட மட்கலங்கள், தென்னிந்தியா, இலங்கை ஆகிய பகுதிகளைச் சார்ந்த மட்பாண்டங்கள் முதலியன பெருந்தொகையாகக் கிடைத்தன. கடலின் இரு திசையிலிருந்தும் மரக்கலங்கள் இச்சிறு துறையை நாடி வந்தன என்பதற்கு இவை சான்றாகின்றன.

இவ்வாராய்ச்சி மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. லோபு துவாவில் மக்கள் வாழ்ந்த காலம் கி. பி. 9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி, 11-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ முடிவடைகிறது. எகிப்தியர் பிணங்களைப் பதப்படுத்தப் பாருஸ் கருப்பூரத்தைப் பயன்படுத்தினர் என்று நூல்களிலும் உரைகளிலும் அடிக்கடி வரும் செய்திக்கு இம்மண்ணில் ஆதாரம் கிடைக்கவில்லை. தமிழ்க் கல்வெட்டின் காலமும் இதனால் புதுப்பொருள் பெறுகிறது. அக்கல் ஊரின் தொடக்கத்தில் நட்டதன்று. முடிவை ஒட்டி நட்டது. கல் நட்டுச் சில பத்தாண்டுகளுக்குள் அவ்வூர் கைவிடப்பட்டது.

ஏன் கைவிடப்பட்டது? ‘கெர்காசி’ என்னும் அரக்கர் வந்து ஊரை அழித்தனர் என்பது அவ்வட்டார மக்கள் வழிவழியாகக் கூறிவரும் கதை. கடலிலிருந்து வந்த பகைவர் தாக்குதலின் நினைவே இவ்வாறு கதையாயிற்று என்று கருதுவாரும் உளர். எவ்வாறாயினும், பாருஸ் துறை அத்துடன் முடிந்துவிடவில்லை. குடியிருப்பு அண்மையிலுள்ள புக்கிட் ஹாசாங் என்னும் இடத்திற்கு மாறியது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமே பிரேஸ் என்னும் போர்த்துக்கேசியர், குசராத்தியர், அராபியர், வங்காளியர் ஆகியோரோடு கிலிங்கரும் பாருசுக்கு வந்து வாணிகம் செய்தனர் என்று எழுதியுள்ளார். கிலிங்கர் என்பது தென்னிந்திய வணிகரைக் குறிக்க அன்று வழங்கிய பெயர். 1668-இல் டச்சுக் கம்பெனி இங்கே கால் கொண்டது. பின்னர்ச் சிபோல்காத் துறை வளர வளரப் பாருசின் சிறப்புக் குன்றிற்று.

எஞ்சிய சுவடுகள்

அவ்வணிகரின் வழித்தோன்றல்கள் எங்கே போயினர் என்னும் வினா இயல்பாக எழும். இதற்கு விடையாகச் சிலர், தோபா ஏரிக்கு வடக்கேயுள்ள காரோ மேட்டுநிலத்தைச் சுட்டுவர். அங்கு வாழும் காரோ மக்களிடையே செம்பிரிங் என்னும் பெருங்குடி ஒன்று உண்டு. அதன் உட்பிரிவுகளின் பெயர்கள் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி, பிரமானா, கெலிங் என்பன. சோழர், பாண்டியர், மலையாளர், பல்லவர் என்னும் பெயர்களை இவை நினைவூட்டுகின்றன. இறந்தோரின் சாம்பலைச் சிறு ஓடத்தில் வைத்து ஆற்றில் விடும் சடங்கும் இக்குடியில் சில பிரிவினரிடையே முன்பு இருந்தது. ஆயினும் இவர்கள் லோபு துவாவிலிருந்தே சென்றவர்கள் என்று துணிவதற்கு எழுத்துச் சான்று கிடையாது. பெயர் ஒற்றுமையைக் கொண்டு தென்னிந்தியத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று கொள்வதே முறையாகும்.

சொற்களின் சான்று இதனினும் உறுதியானது. இந்தோனேசிய மக்கள் கருப்பூரத்தை இன்றும் ‘கபூர் பாருஸ்’ என்றே அழைக்கின்றனர். துணிப்பெட்டியில் பூச்சி அணுகாதிருக்க இடும் வெண்ணிற உருண்டைக்கும் அதுவே பெயர். கபூர் என்றால் அம்மொழியில் சுண்ணம். வடமொழிக் கர்ப்பூரமும் தமிழ்க் கருப்பூரமும் தென்கிழக்காசிய மொழிகளிலிருந்து பிறந்தவையாகலாம் என்பது மொழிநூலார் சிலர் கருத்து. பொருள் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே பெயரும் வந்தது என்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.

இன்றைய லோபு துவா

இன்று அங்கே செல்வோர் பட்டினம் எதனையும் காணார். இருப்பது ஒரு நாட்டுப்புறச் சிற்றூர். நெல் வயல், தென்னை, ரப்பர் மரம், மீன்பிடி ஆகியனவே அப்பகுதி மக்களின் பிழைப்பு. கடற்கரை மக்கள் மினாங்கபாவ் மொழியோடு நெருங்கிய மலாய்க் கிளைமொழி ஒன்றைப் பேசுவர். மலைப்புறத்தார் பாத்தாக் மொழிகளைப் பேசுவர். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். கபூர் மரமோ அவ்வட்டாரத்தில் அருகிப் போயிற்று. உலக அளவில் அழிவை நோக்கும் மரங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டுள்ளது.

பாருசைச் சூழ்ந்து பழைய இஸ்லாமிய அடக்கத் தலங்கள் பல உள்ளன. அவற்றுள் பாப்பான் திங்கி என்பது குன்றின் உச்சியில் இருப்பது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி அதனை அடைய வேண்டும். அங்கிருந்து கீழே நோக்கினால் வயலும் தென்னந்தோப்பும் கடலும் ஒருங்கே தோன்றும். 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவராயிருந்த ஜோக்கோ விடோடோ, தீவக நாடுகளில் இஸ்லாமிய நாகரிகம் தொடங்கிய இடம் என்று குறிக்கும் நினைவுச் சின்னத்தைப் பாருசில் திறந்து வைத்தார். அதனால் பாருசின் பெயர் அந்நாட்டில் பலருக்கும் தெரிய வந்தது. தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்த லோபு துவாவைத் தேடிச் செல்வோர் இன்னும் சிலரே.

கற்பிக்கத்தக்கது

வரலாற்றுப் பாடத்தில் போரும் வெற்றியும் எளிதில் இடம் பிடித்துக்கொள்கின்றன. ஓர் ஊரில் ஒதுங்கி, அவ்வூர் மக்கள் மலையிலிருந்து கொணர்ந்ததை விலை கொடுத்து வாங்கி, தமக்குள் கட்டுப்பாடு வகுத்து வாழ்ந்த வணிகரின் வரலாறு பின்தங்கி விடுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல இனத்தாரோடு கலந்து வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முன்னதைக் காட்டிலும் பின்னதே நெருக்கமானது. அவர்கள் வாழும் வாழ்க்கையும் அதனைப் போன்றதே.

அடுத்த முறை அடியார்க்குநல்லார் உரையில் ‘வாரோசு’ என்னும் சொல் வரும்பொழுது, ஆசிரியர் வகுப்பிலுள்ள நிலப்படத்தை விரித்துச் சுமத்திராவின் மேற்குக் கரையில் அவ்விடத்தைச் சுட்டிக் காட்டலாம். பாவாடை என்பதன் பழம்பொருளையும், மரக்கல நாயன் என்னும் அழகிய சொல்லையும் அதனோடு சேர்த்துக் கூறலாம். பொன்னும் கத்தூரியும் பேசிய கல், பண்பே துணை என்று முடிந்ததையும் மறவாது கூறுதல் வேண்டும்.